கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கடிதம்: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கடிதங்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

மேரிலாந்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, பழம்பொருள் சந்தையில் என் முதல் ஃபிரேமை வாங்கினேன். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த ஓர் அதிகாரியின் கையொப்பம். மேலே அவருடைய அச்சுப்படம், கீழே பெயர் பொறித்த பித்தளைத் தகடு, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தாள் துண்டு. பார்க்க அவ்வளவு அழகு.

வீட்டுக்கு வந்து பின்பக்க அட்டையைப் பிரித்தேன். துண்டின் மறுபக்கத்திலும் எழுத்து இருந்தது. அரைகுறை வரிகள். "...மூன்று நாளாக மழை" என்று ஒரு வரி, அதன் கீழே "...குதிரைகளுக்குக் கொடுக்க" என்று இன்னொரு வரி, அதற்குப் பிறகு கத்தரி போன தடம். யாரோ எப்போதோ ஒரு முழுக் கடிதத்தை வெட்டி, கையொப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எறிந்திருக்கிறார்கள். கையொப்பம் அசல்தான், விற்றவர் என்னை ஏமாற்றவில்லை. ஆனால் குதிரைகளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று இனி யாருக்கும் தெரியாது. பல வருடம் ஆகியும் அது எனக்கு ஆறவில்லை.

அதனால் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: முழுக் கடிதமாக வாங்குங்கள். ஃபிரேமில் இருந்தால், திறந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்கின் கூட்டாட்சி அரசுக்கும் நடந்த போர் இது. 1861 ஏப்ரலில் தென் கரோலினாவின் சம்டர் கோட்டையில் தொடங்கி, 1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்போமாட்டக்ஸில் தெற்குத் தளபதி லீ வடக்குத் தளபதி கிராண்டிடம் சரணடைந்ததோடு ஏறக்குறைய முடிந்தது. இரு தரப்பிலும் சேர்த்து முப்பது லட்சம் பேர் அளவுக்குப் படையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியும். பிற்காலப் போர்களைப் போல அதிகாரிகள் உட்கார்ந்து சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்யும் வழக்கமும் அப்போது இல்லை. கைதிகளின் கடிதங்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றைப் பிரித்துப் படித்துத்தான் அனுப்பினார்கள், அதுவும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுத விடவில்லை. மற்றவர்கள் எங்கே இருக்கிறோம், என்ன சாப்பிட்டோம், எந்தத் தளபதி உதவாதவர் என்பதை எல்லாம் மனம் விட்டு எழுதினார்கள். அதனால்தான் இன்றும் சாதாரணச் சிப்பாய் கடிதங்கள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

விலையை உள்ளடக்கம்தான் முடிவு செய்கிறது. முகாம் வாழ்க்கையை மட்டும் சொல்லும் வடக்குச் சிப்பாயின் கடிதத்தை நூறு, இருநூறு டாலருக்கு வாங்கிவிடலாம். அதே ஆள் 1863 ஜூலையில் நடந்த பெரும் கெட்டிஸ்பர்க் சண்டையைக் கண்ணால் பார்த்து எழுதியிருந்தால் விலை பல மடங்கு ஏறும். தெற்குப் படையினரின் கடிதங்கள் குறைவாகவே கிடைக்கின்றன, விலையும் கூடுதல். கறுப்பினப் படைப்பிரிவுகளில் ஏறத்தாழ 1,80,000 பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கைப்பட எழுதிய கடிதம் மிக அரிது. அடிமைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பதையே தெற்கு மாநிலங்கள் பலவும் சட்டம் போட்டுத் தடுத்திருந்தன. எழுத்துத் தெரிந்த தோழரோ பாதிரியாரோ சொல்லக் கேட்டு எழுதிக் கொடுத்த கடிதங்களும் உண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நின்று பாருங்கள்.

லிங்கன், லீ, கிராண்ட் போன்றவர்களின் கையொப்பத்தோடு தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. லிங்கன் கையொப்பம் சில ஆயிரம் டாலரில்தான் ஆரம்பிக்கும். போலிகள் குவிந்து கிடப்பதும் அங்கேதான்.

விற்பனைப் பட்டியல்களில் சில சுருக்கங்கள் வரும். 'ஏ.எல்.எஸ்.' என்றால் முழுக் கடிதமும் அவர் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டது. 'எல்.எஸ்.' என்றால் எழுத்தர் எழுத, அவர் கையொப்பம் மட்டும் போட்டது. 'டி.எஸ்.' என்பது கையொப்பமிட்ட ஆவணம். முதல் இரண்டுக்கும் நடுவே விலை வித்தியாசம் பெரிது. போர்க்காலத்தில் எழுதியதா, அதற்குப் பிறகா என்பதும் முக்கியம். தெற்குத் தளபதி லாங்ஸ்ட்ரீட் 1904 வரை வாழ்ந்தார், வடக்குத் தளபதி சேம்பர்லேன் 1914 வரை வாழ்ந்தார். ரசிகர்கள் கேட்டபோதெல்லாம் முதிய வயதில் போட்டுக்கொடுத்த கையொப்பத்தையும் போர்முனையிலிருந்து எழுதிய கடிதத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

படிக்கப் பழகுவது

வாங்குவதற்கு முன்னால் ஐம்பது கடிதமாவது படித்துவிடுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் அசல் தாள்களின் படங்கள் இலவசமாகவே இருக்கின்றன. முதல் பத்து கடிதம் கஷ்டமாக இருக்கும், அதற்குப் பிறகு கண் பழகிவிடும்.

ஒரு விஷயம் நமக்குச் சுலபம். சிப்பாய்க் கடிதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: பேனாவைக் கையில் எடுக்கிறேன், நான் சுகம், இந்தச் சில வரிகள் உங்களையும் அப்படியே சுகமாகக் காணட்டும். நம் தாத்தாக்கள் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கியதைப் படித்த கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது. எழுத்துப்பிழை நிறைய இருக்கும், காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். புரியாத சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிடிபடும். தாள் தட்டுப்பாட்டினால் எழுதிய பக்கத்தையே திருப்பி, முதல் வரிகளுக்குக் குறுக்காக மறுபடியும் எழுதிய கடிதங்களும் வரும். ஒரு திசை வரிகளை மட்டும் விரலால் தொடர்ந்து படித்தால் மற்றது தானாகப் பின்னுக்குப் போய்விடும்.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அடிமை முறை காரணமாக நடந்த போர் இது. கடிதங்களில் கறுப்பின மக்களைப் பற்றிய இழிசொற்கள் வடக்கு, தெற்கு இரண்டிலிருந்தும் வரும். படியெடுத்து எழுதும்போது அவற்றை மென்மையாக்காதீர்கள். எழுதியிருப்பதை அப்படியே பதியுங்கள்.

தாளும் மையும் சொல்வது

போர்க்கால எழுதுதாள் பெரும்பாலும் துணிக்கூழில் செய்தது. எழுதுதாளில் மரக்கூழ் பரவலானது போருக்குப் பிறகு. அதனால் அன்றைய தாள் 160 வருடம் ஆகியும் துவண்டு மடங்கும். முறுக்குப் போல ஒடியாது. ஒரே தாளை நடுவில் மடித்து நான்கு பக்கமாக்கி எழுதுவார்கள். பல தாள்களில் மங்கிய நீலக் கோடுகள் இருக்கும். இடது மேல் மூலையில் மை இல்லாமல் அழுத்திய சிறு முத்திரை ஒன்றும் தென்படலாம். அது தாள் தயாரித்தவர் அடையாளம். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரியும்.

மை பெரும்பாலும் இரும்பு மை. நம் நாட்டு மருந்துக் கடையில் பிள்ளைகளுக்கு உரைத்துக் கொடுக்க வாங்கும் மாசிக்காயும், அன்னபேதி உப்பும் சேர்ந்தது அது. எழுதிய பிறகு காற்றுப் பட்டுக் கறுக்கும். காலப்போக்கில் துருப்பழுப்பாக மாறும். மை அழுத்தமாக விழுந்த இடத்தில் தாளையே அரித்து ஓட்டை போட்டிருக்கும். பழுப்பு நிறம் மட்டும் சான்றாகாது, பழுப்பு மை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஆனால் மடிப்பைக் கவனியுங்கள். சிப்பாய் முதலில் எழுதினான், பிறகு மடித்தான். எனவே மடிப்பின் மேல் ஓடும் கோடு சுத்தமாக இருந்து, மடிப்பு தேய்ந்த இடத்தில் மையும் சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். மடிப்புக்குள் மை இறங்கிப் பரவியிருந்தால், ஏற்கெனவே மடிந்து பழசான தாளில் பிற்பாடு யாரோ எழுதியிருக்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று கையில் இருந்தால் இதை நீங்களே பார்த்துவிடலாம்.

கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கும் உதவும். 1950 வாக்கில் தாளில் வெண்மையூட்டிகள் சேர்க்கத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட தாள் அந்த வெளிச்சத்தில் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். பளிச்சிட்டால் போலி, முடிந்தது கதை. பளிச்சிடாவிட்டால் தாள் பழசு என்று மட்டும்தான் அர்த்தம். பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளைக் கிழித்து எழுதியவர்களும் உண்டு.

பென்சிலில் எழுதிய கடிதத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அணிவகுப்புக்கு நடுவே மைக்கூட்டுக்கு எங்கே போவது? பென்சில் மங்கலாகத் தெரிந்தாலும், தாளை மை போல அரிக்காது.

உறை சேர்ந்திருந்தால் நல்லது. வடக்கு அரசு 1861-இல் பழைய அஞ்சல்தலைகளைச் செல்லாது என்று அறிவித்தது. தெற்கிடம் இருந்த இருப்பைப் பணமாக மாற்ற விடக் கூடாதென்று. பிறகு வந்த புதிய 3 சென்ட் அஞ்சல்தலை ரோஜா நிறத்தில் வாஷிங்டன் முகத்தோடு இருக்கும். 1861 ஜூலைக்குப் பிறகு வடக்குச் சிப்பாய்கள் அஞ்சல்தலை ஒட்டாமலே, 'சிப்பாய்க் கடிதம்' என்று குறித்து அனுப்ப முடிந்தது, பெறுபவர் காசு கட்டுவார். தெற்கில் அஞ்சல் கட்டணம் முதலில் 500 மைலுக்குள் 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். 1862 ஜூலையிலிருந்து எல்லாவற்றுக்கும் 10 சென்ட். தேதிக்கும் அஞ்சல்தலைக்கும் பொருந்துகிறதா பாருங்கள். தெற்கில் தாள் தீர்ந்துபோனபோது சுவரொட்டு அலங்காரத் தாளை வெட்டி உறை செய்தார்கள். உள்பக்கம் பூ வேலைப்பாட்டோடு வரும் அந்த உறையைக் கையில் வைத்திருந்தால் பத்துப் பக்க வரலாறு படித்த மாதிரி.

ஆளைத் தேடுவது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கடிதத்தில் பெயர், கம்பெனி, ரெஜிமென்ட் இருந்தால், அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் இலவச இணையத் தளத்தில் இரு தரப்புச் சிப்பாய்களின் பெயர்ப் பட்டியலையும் தேடலாம். சேவைப் பதிவேடுகளும் வடக்குச் சிப்பாய்களின் ஓய்வூதியக் கோப்புகளும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போர் அறிக்கைகளையும் தளபதிகளின் கடிதப் போக்குவரத்தையும் அரசே 128 புத்தகங்களாக 1880 முதல் 1901 வரை அச்சிட்டது. அவையும் இணையத்தில் உண்டு.

பிறகு தேதியையும் இடத்தையும் ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு, மாசசூசெட்ஸ் 54ஆம் ரெஜிமென்ட் சிப்பாய் 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கிலிருந்து எழுதியதாக ஒரு கடிதம் வந்தால், கையெழுத்தைப் பார்க்கவே வேண்டாம். அந்த ரெஜிமென்ட் அப்போது தென் கரோலினா கடற்கரையில் இருந்தது. அதே மாதம் 18ஆம் தேதி வாக்னர் கோட்டையைத் தாக்கியது.

என்னிடம் 1862 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபால்மத் முகாமிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. 90 டாலர் கொடுத்தேன். அம்மாவிடம் இரண்டு ஜோடிக் காலுறையும் அஞ்சல்தலையும் கேட்கிறான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எதிரிகளின் நெருப்பு தெரிகிறது என்கிறான். வேறு எதுவும் இல்லை. விற்றவர் 'சுவாரசியம் குறைவு' என்று எழுதியிருந்தார். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர் ஃபிரெடரிக்ஸ்பர்க். அடுத்த வாரம் 13ஆம் தேதி அங்கே வடக்குப் படை மேட்டின் அடிவாரத்தில் இருந்த கற்சுவரை நோக்கி அலை அலையாக ஏறிச் செத்தது. அது தெரிந்த பிறகு காலுறை கேட்கும் வரியைச் சும்மா படிக்க முடியவில்லை. பதிவேட்டில் தேடினேன். பிழைத்திருக்கிறான். வசந்தத்தில் நோய் காரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

புகழ்பெற்ற கையொப்பம் எதிரே வந்தால்

முதலில் அச்சா, எழுத்தா என்று பாருங்கள். லிங்கன், போரில் மகன்களை இழந்த திருமதி பிக்ஸ்பிக்கு 1864 நவம்பரில் எழுதிய ஆறுதல் கடிதத்தின் அசல் காணாமல் போய்விட்டது. 1890களிலிருந்து கல்லச்சில் அடித்த நகல்கள்தான் வீடு வீடாகத் தொங்குகின்றன. லீ தன் படையிடம் விடைபெற்ற 9ஆம் எண் ஆணையும் அப்படித்தான். லீ கையொப்பமிட்ட அசல் பிரதிகள் உண்டு, ஆனால் பின்னாளில் அச்சிட்ட நகல்கள் எண்ணற்றவை. லூப் வைத்துப் பார்த்தால் பேனாக் கோட்டில் அழுத்தம் கூடிக் குறையும், கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் மை அடர்ந்திருக்கும். கல்லச்சில் எல்லாம் ஒரே சமமான கறுப்பு.

அடுத்து, ஆவணம் தனக்குத் தானே முரண்படுகிறதா? லிங்கன் கடிதங்களில் 'ஏ. லிங்கன்' என்றும், அதிகாரி நியமனப் பத்திரம் போன்றவற்றில் முழுப் பெயரையும் எழுதுவார். நியமனப் பத்திரத்தில் போர்த்துறைச் செயலரும் கையொப்பமிடுவார். ஸ்டான்டன் அந்தப் பதவிக்கு வந்தது 1862 ஜனவரியில். 1861 தேதியிட்ட பத்திரத்தில் அவர் பெயர் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், அங்கே இருக்க வேண்டியவர் கேமரன். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சனின் நியமனப் பத்திரங்களில் பலவற்றில் இருப்பது ரப்பர் முத்திரை போன்ற அச்சுக் கையொப்பம்.

கையெழுத்து மாறுவதற்கும் காரணம் இருக்கும். வடக்குத் தளபதி ஹோவர்ட் 1862 ஜூன் 1 அன்று வலது கையை இழந்தார், அதன் பிறகு எழுதியதெல்லாம் இடது கையால். லாங்ஸ்ட்ரீட் 1864 மே 6 அன்று தோளில் குண்டு பாய்ந்து வலக்கை செயலிழந்து, இடக்கையால் எழுதப் பழகினார். இந்தத் தேதிகளுக்குப் பிறகு பழைய கையெழுத்தில் ஒரு 'அசல்' கடிதம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

போலிக்காரர்களில் இரண்டு பேரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ராபர்ட் ஸ்பிரிங், தெற்குத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் மகள் வறுமையில் வாடித் தகப்பன் கடிதங்களை விற்பதாகக் கதை கட்டி, இங்கிலாந்தில் அனுதாபிகளிடம் காசு பார்த்தவர். ஜாக்சன் 1863 மே மாதம் இறந்தபோது உயிரோடிருந்த அவருடைய ஒரே மகளுக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜோசப் கோசி 1930களில் லிங்கனைப் போல எழுதுவதில் பேர் போனவர். லிங்கனின் கையொப்பம் படிக்கட்டு போல ஏறும். முதலெழுத்து கீழே, பெயரின் முற்பாதி சற்று மேலே, கடைசி எழுத்துகள் இன்னும் மேலே. கோசி எழுதியது ஒரே மட்டத்தில் ஓடும்.

வாங்கும் இடமும் கேட்க வேண்டிய கேள்விகளும்

பெரிய ஏல நிறுவனங்கள், கையொப்ப வணிகர் சங்கத்தில் உறுப்பினராக உள்ள கடைகள், உள்நாட்டுப் போர்ப் பொருள் கண்காட்சிகள் என்று வழிகள் உண்டு. ஏலத்தில் கேட்ட தொகையோடு கமிஷன் 20 சதவீதத்துக்கு மேல் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்கமும் இருக்கிறது, முன்கூட்டியே விசாரியுங்கள்.

விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது எங்கிருந்து வந்தது? போலி என்று தெரிந்தால் எவ்வளவு காலம் கழித்தும் பணம் திரும்பக் கிடைக்குமா? ஃபிரேமைத் திறந்து இரு பக்கமும் படமெடுத்து அனுப்புவீர்களா? மூன்றாவதற்கு 'திறந்தால் அழகு கெட்டுவிடும்' என்று பதில் வந்தால் நான் வாங்குவதில்லை. சான்றிதழ் தாளுக்கு, அதைக் கொடுத்தவரின் பெயருக்கு உள்ள மதிப்புதான்.

எங்கிருந்து வந்தது என்பதை அலட்சியமாக விடாதீர்கள். பிலடெல்பியாவில் தேசியக் காப்பகக் கிளையில் 2006-இல் பயிற்சிக்கு வந்த ஒருவர் உள்நாட்டுப் போர் ஆவணங்கள் 164-ஐத் திருடி இணையத்தில் விற்றார். அரசு ஆவணம் என்றைக்கும் அரசுக்கே சொந்தம் என்பது அங்கே சட்டம். வட கரோலினா மாநிலத்திடம் இருந்த உரிமை மசோதாப் பிரதியை (அமெரிக்க அரசியலமைப்பில் குடிமக்கள் உரிமைகளைச் சேர்த்த ஆவணம்) 1865-இல் ராலேயிலிருந்து ஒரு வடக்குச் சிப்பாய் எடுத்துப்போனான். 2003-இல் எஃப்.பி.ஐ. பொறி வைத்து மீட்டது. 138 வருடம் ஆகியும் வாங்கியவருக்கு உரிமை வரவில்லை. அலுவலகக் கோப்பு எண்ணோ காப்பக முத்திரையோ, அதைச் சுரண்டிய தடமோ இருந்தால் விலகி நில்லுங்கள். சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சிக்கல் குறைவு.

வீட்டுக்கு வந்த பிறகு

பழைய ஃபிரேமில் வந்தால் அதிலிருந்து வெளியே எடுங்கள். பின்னால் மரப்பலகையோ பழுப்பு அட்டையோ இருந்தால், அதன் அமிலம் தாளில் இறங்கிக்கொண்டே இருக்கும். மரக்கணுவின் வடிவம்கூடத் தாளில் கறையாகப் பதிந்ததைப் பார்த்திருக்கிறேன். பின்னட்டையில் ஒட்டிய கடைச்சீட்டு, யாராவது எழுதிய குறிப்பு எதையும் எறியாதீர்கள், அது கடிதம் வந்த வழியைச் சொல்லும். கடிதம் அட்டையோடு ஒட்டியிருந்தால் நீங்களாக உரிக்க வேண்டாம், காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். தண்ணீர் படவே கூடாது. இரும்பு மை ஈரத்தில் இன்னும் வேகமாகத் தாளைத் தின்னும்.

கையுறை தேவையில்லை. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். கையுறையோடு மெல்லிய தாளைப் புரட்டினால் விளிம்பு கிழிவதே உணர்வுக்குத் தெரியாது.

புதிதாக ஃபிரேம் போடுவதானால் கடிதத்தைத் தாங்கும் அமிலமற்ற பருத்தி அட்டை (மவுண்ட்), புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக், தாள் கண்ணாடியைத் தொடாதபடி இடைவெளி, இவை மூன்றும் கட்டாயம். தாளைப் பிடித்து வைக்க ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் மட்டும். செலோடேப், வெள்ளைப் பசை, லேமினேஷன் எதுவும் கூடாது. லேமினேட் செய்த கடிதத்தைத் திரும்பப் பெற முடியாது. கடைக்காரர் 'நல்லா நிக்கும் சார்' என்று ஹார்ட்போர்டைக் கையில் எடுப்பார். அப்போது உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். தாளுக்கு 35 முதல் 50 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள், இங்கே மழைக்காலத்தில் அது கனவுதான். அதனால் அசலைச் சுவரில் மாட்டுவதையே விட்டுவிட்டேன். ஒவ்வொரு கடிதமும் பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டைப் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பையோடு உள் அறை அலமாரியில் இருக்கிறது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், ஓதம் ஏறும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, ஜெல்லை மாற்றுவேன்.

கூடத்தில் தொங்குவது காலுறைக் கடிதத்தின் நகல். நல்ல ஸ்கேனரில் எடுத்து அதே அளவில் அச்சிட்டது, பக்கத்தில் நான் படியெடுத்த வரிகள். ஃபிரேமின் பின்னால் பென்சிலால் அவன் பெயர், ரெஜிமென்ட், வாங்கிய தேதி, விற்றவர் சொன்ன பூர்வீகம், 'அசல் உள் அறைப் பெட்டியில்' என்ற குறிப்பு. எனக்குப் பிறகு இதைக் கழற்றுகிறவருக்கு அது போதும்.